கலவரம் சாரும் பதினோரு காரணங்களும்

மருந்துக்கடையில் நாலு பேருக்கு மேல் நின்றால் கலவரம் சார் வரிசையில் சேரமாட்டார். தெருவின் எதிர்ப்பக்கம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையை நோட்டம் விடுவார். யார் காலை மாற்றி மாற்றி வைக்கிறார், யார் கடைக்காரரை விட்டுவிட்டுப் பக்கத்து ஆளை முறைக்க ஆரம்பித்துவிட்டார், யார் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார் என்றெல்லாம் அவருக்குக் கணக்கு உண்டு. "அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரனைப் பாருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கத்துவான்," என்று பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரிடம் சொல்லுவார். கட்டம்போட்ட சட்டைக்காரர் மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சமர்த்தாக வீட்டுக்குப் போய்விடுவார். சார் அசரமாட்டார். "அடக்கிக்கிட்டான். வீட்டுல போய்க் காட்டுவான் பாருங்க." இருமலுக்கு மருந்து வாங்க வந்த சார் இருமிக்கொண்டே வெறுங்கையோடு திரும்புவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் சிறைக்காவலர் பயிற்சிப் பள்ளியில் அவர் 'கலவரம் சார்'தான். சிறைக் கலவரங்களின் காரணங்களும் வரலாறும் என்பது அவருடைய பாடம். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். மைக் வேண்டாம் என்பார், ஆனால் மைக் இல்லாவிட்டால் முகம் வாடிவிடும். துணியில் ஒட்டிச் சுருட்டிய பெரிய அட்டவணை ஒன்று எப்போதும் அவர் அக்குளில் இருக்கும். அதில் கலவரத்துக்கான பதினோரு காரணங்களும் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கும். உலகத்தின் எந்த மூலையில் எந்தச் சிறை உடைந்தாலும் அந்தப் பதினொன்றுக்குள் அடங்கிவிடும் என்பது அவர் கட்சி. "பன்னெண்டாவது ஒண்ணு கொண்டாங்க, நான் வேலையை விட்டுடறேன்," என்று ஒவ்வொரு புது வகுப்பிலும் சவால் விடுவார். பன்னிரண்டாவதைக் கண்டுபிடித்தால் வகுப்பு இன்னும் நீளும் என்று பயந்தே யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அவர் இந்தப் பாடத்துக்கு வந்த கதை சுவையானது. அவர் வார்டராகச் சேர்ந்த சிறையில் அவர் காலத்திலேயே மூன்று கலவரங்கள் நடந்தன. மூன்று முறையும் அவர் லீவு. முதல் முறை மச்சினிச்சிக்குக் கல்யாணம். இரண்டாவது முறை கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கிப் படுத்திருந்தார். மூன்றாவது முறை, கலவரத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது எப்படி என்ற பயிற்சிக்காக ஊரைவிட்டே போயிருந்தார். உள்ளே இருந்தவர்களில் சிலர் மண்டை உடைந்து வீட்டோடு போனார்கள். சிலரைத் தற்காலிகமாக நீக்கி விசாரித்தார்கள். சிலரைத் தண்ணீர் இல்லாத இடங்களுக்கு மாற்றினார்கள். யாரைப் பாடம் நடத்தப் போடலாம் என்று தலைமை அலுவலகம் தேடியபோது, கலவரத்தின் கறை ஒரு துளியும் படாத ஆள் அவர் ஒருவர்தான் அகப்பட்டார். "நேர்ல பாத்தவனுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். தள்ளி நின்னாத்தான் முழுசும் தெரியும்," என்று சாரே அதற்கு விளக்கம் சொல்லுவார். மாணவர்களும் தலையாட்டுவார்கள்.

உள்ளபடி சொன்னால் சார் படித்த மனிதர். எந்த நாட்டில் எந்தச் சிறையில் எதனால் பற்றிக்கொண்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். தன் சிறையின் வரலாற்றை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுவார், ருசித்துச் சாப்பிடுகிற மாதிரி. முதல் கலவரம், குளிர்காலத்தில் சுடுதண்ணீர் நின்றுபோனதால் வந்தது. விசாரணைக் குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து, கைதிகள் தகரத் தட்டுகளைத் தட்டித் தட்டித்தான் வெறியேற்றிக்கொண்டார்கள் என்று கண்டுபிடித்தது. தகரத் தட்டு போய்ப் பிளாஸ்டிக் தட்டு வந்தது. சுடுதண்ணீர் வரவில்லை. அடுத்த கலவரத்தில் பிளாஸ்டிக் தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். உடனே தீப்பெட்டிக்குத் தடை, சிகரெட்டுக்கு அனுமதி. பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு கைதிகள் வார்டரின் முகத்தையே பார்த்து நிற்பது அங்கே இன்றும் அன்றாடக் காட்சி. அதற்கடுத்தது பந்தாட்டத்தில் தொடங்கியது. கூட்டம் கூடினால் சதி என்று முடிவாகி, இப்போது பக்கத்துக்கு மூன்று பேர்தான் ஆடலாம். கோல் காக்க ஆள் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் இரு பக்கமும் முப்பது நாற்பது கோல் வாங்கியிருக்கும். அந்தச் சிறையின் ஒவ்வொரு விதியைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் ஒரு கலவரம் படுத்திருக்கும். கலவரத்துக்கு அடியில் என்ன படுத்திருந்தது என்பதற்கு மட்டும் விதி கிடையாது.

வீட்டில் சாரின் வித்தைக்கு மதிப்பு குறைவு. மனைவிக்குத் தையல் வேலை, முன்னறையே கடை. "காரணம் நாலு: முறையிடறதுக்கு வழியில்லாம போறது," என்று அவர் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தால், அந்த அம்மாள் வாயிலிருக்கும் குண்டூசியை எடுக்காமலே, "முறையிடறேன். குழாய் ஒழுகுது. ஆளக் கூட்டிட்டு வாங்க," என்பார். சார் குழாயைப் பார்த்து நின்று, ஒழுகுவதன் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கலவரத் தடுப்பு வாரம் வந்து சேர்ந்தது.

தலைமை அலுவலகத்தில் யாருக்கோ திடீரென்று உதித்த யோசனை அது. கலவரம் எதனால் வருகிறது என்று கைதிகளுக்கே விளக்கிவிட்டால் அவர்கள் செய்யமாட்டார்கள் அல்லவா? எல்லாச் சிறைகளுக்கும் சுற்றறிக்கை பறந்தது. சாரின் பழைய சிறையின் கண்காணிப்பாளர் போன் செய்தார். "சார், உங்களை விட்டா யாரு இருக்கா? முற்றத்துல எல்லாரையும் உக்கார வச்சுடறேன். நீங்க வந்து ஒரு போடு போட்டுட்டுப் போங்க." சாருக்கு உச்சி குளிர்ந்தது. காவலர்களுக்கே பேசிப் பேசி அலுத்த வாய். கலவரம் செய்யக் கூடியவர்களிடமே கலவரத்தைப் பற்றிப் பேசப்போவது இதுதான் முதல் தடவை. சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

அன்று உறவினர்கள் வந்து பார்க்கும் நாள். விழாவுக்காக அதை ரத்து செய்திருந்தார்கள். ரத்து செய்ததை வெளியே யாருக்கும் சொல்லவில்லை. சார் உள்ளே போகும்போது வாசலில் பைகளும் பாத்திரங்களுமாக ஒரு கூட்டம் காவலரிடம் மன்றாடிக்கொண்டிருந்தது. சாரின் கண் பழக்க தோஷத்தில் அதை நோட்டம் விட்டது. ஆனால் வண்டி நிற்கவில்லை.

முற்றத்தில் கைதிகள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு மேலே மட்டும் துணிப்பந்தல். கண்காணிப்பாளர் ஐந்து நிமிடம் பேசி, வாரத்தைத் தொடங்கிவைத்து, அவசர வேலை இருப்பதாகத் தன் அறைக்குப் போய்விட்டார். சார் அட்டவணையைப் பிரித்துத் தொங்கவிட்டார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். முதல் காரணத்துக்கு முன்னால் முன்னுரையாகப் பண்டைய காலத்துச் சிறைகளைத் தொட்டார். அங்கேயே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. சமையற்கட்டுப் பக்கமிருந்து பருப்பு வேகும் வாசனை வந்து, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, அடிப்பிடித்த வாசனையாக மாறியது.

"மூணாவது காரணம்," என்றார் சார், "சாப்பாடு நேரத்துக்கு வராதது."

"ஆமா சார்!" என்று ஒரு குரல் கேட்டது.

சார் நிமிர்ந்தார். பயிற்சிப் பள்ளியில் இத்தனை வருஷத்தில் ஒரு மாணவன் இப்படி வாயைத் திறந்து ஆமோதித்ததில்லை. "நாலாவது, முறையிடறதுக்கு வழியில்லாம போறது. அஞ்சாவது, சொல்லாம கொள்ளாம பார்வை நாளை ரத்து பண்றது."

"இன்னைக்குப் பண்ணிட்டாங்க சார்!" இப்போது ஒரு வரிசையே சொன்னது.

"பாத்தீங்களா!" என்றார் சார் உற்சாகமாக. "ஆறாவது என்ன தெரியுமா?"

"என்ன சார்?" என்று முற்றமே கேட்டது.

"புதுசா வந்த காவலர்கள். அனுபவம் பத்தாது. எதுக்கெடுத்தாலும் பயம். பயத்துல விசிலை ஊதிடுவாங்க."

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் மூலைக்குத் திரும்பின. அங்கே போன வாரம் வேலைக்குச் சேர்ந்த வார்டர் ஒருவர் விசிலை உதட்டில் வைத்தபடி நின்றிருந்தார். அத்தனை கண்களையும் பார்த்ததும் அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். முன்வரிசை ஓரத்தில், கண்ணாடிக் காம்புக்குப் பதில் நூல் கட்டியிருந்த முதிய கைதி ஒருவர் மெல்ல எழுந்தார். "ஐயா, ஒரு சந்தேகம். இதுல இப்ப ஆறும் இங்க இருக்கே. அப்ப நாங்க என்ன செய்யறது?"

"கேள்வியெல்லாம் கடைசியில," என்றார் சார். "உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். அப்போதுதான் சமையற்கட்டு வாசலில் ஒருவர் தெரிந்தார். சிறையில் சமையல் பார்க்கும் தண்டனைக் கைதி அவர். 'கரண்டி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். என்றோ ஓர் அடிதடியில் ஓர் உயிர் போனதற்காக உள்ளே வந்து, அடுப்படியிலேயே தலை நரைத்தவர். வாட்டசாட்டமான உடம்பு, வியர்வையில் நனைந்த பனியன். வெகுநேரமாகக் கையை ஆட்டியும் மேடையிலிருந்த சார் கவனிக்காததால், கையிலிருந்த நீளக் கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

"ஐயா! பருப்பு கல்லாட்டம் ஆயிடுச்சு! சாப்பிட விட்டுட்டுப் பேசுங்களேன்!"

புது வார்டரின் கண்ணுக்குப் பருப்பு தெரியவில்லை, இரும்பு தெரிந்தது. விசிலை ஊதினார். விசில் கேட்டதும் சுவரோரம் நின்ற காவலர்கள் தடியோடு உள்ளே பாய்ந்தார்கள். முதலில் கிடைத்தவர் நூல் கட்டிய கண்ணாடிக்காரர். அவர் கை ஒடிந்த சத்தம் மைக்கில் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

"அமைதி! அமைதி! ஏழாவது காரணம்..." என்றவரை அதற்கு மேல் யாரும் பேசவிடவில்லை. மேடை சரிந்தது. யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். வேறு யாரோ அந்தக் கையைத் தட்டிவிட்டு, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி அவரை அள்ளிக்கொண்டு போய், இருட்டான அறை ஒன்றில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். வெங்காய மூட்டைகளின் மேல் விழுந்தார் சார்.

வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நிற்பது கரண்டிதான் என்று குரலில் தெரிந்தது. நாலைந்து பேர் ஓடிவந்து மூச்சிரைக்கக் கேட்டார்கள்: "எங்கடா அந்த மைக்குக்காரன்?"

"இங்க வெங்காயம்தான் இருக்கு. வேணும்னா உரிச்சுக் குடுத்துட்டுப் போங்க. எனக்கும் ஆள் பத்தலை."

அவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

மேலே சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. சார் மூட்டையின் மேல் ஏறி அதன் வழியாகப் பார்த்தார். ஒரு கலவரத்தை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தார். தள்ளி நின்றால் முழுசும் தெரியும் என்று சொன்னவருக்கு அத்தனை கிட்டத்தில் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. கல்லெறிந்துகொண்டிருந்த ஒருவன் நடுவில் நிறுத்திக் கழன்ற செருப்பைத் தேடினான். பலர் வெளிவாசல் பக்கம் ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்கள் சமையற்கட்டுக்கு ஓடிவந்தார்கள். ஒருவன் கற்கள் விழுந்துகொண்டிருந்த இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, அடிப்பிடித்த பருப்பை இரண்டு கையாலும் வாரி வாரித் தின்றான். சரிந்த மேடைக்கு அடியில் புது வார்டர் சுருண்டு கிடந்தார். விசில் இன்னும் வாயிலேயே இருந்ததால், அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது மெல்லிசாகக் கீச்சிட்டது. நூல் கட்டிய கண்ணாடிக்காரர் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "சந்தேகம்தானேய்யா கேட்டேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் பீய்ச்சும் வண்டிகள் வந்து பொழுது சாய்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. சார் வெங்காய வாசனையோடு வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி அவர் முழங்கையில் மருந்து தடவினார். சார் அன்று நடந்ததைச் சொன்னார். ஆச்சரியமாக, சுருக்கமாகச் சொன்னார்.

"அவங்களுக்கு எப்பவும் எத்தனை மணிக்குச் சாப்பாடு?" என்று கேட்டார் மனைவி.

"பன்னெண்டு."

"நீங்க எப்ப முடிக்கறதா இருந்தீங்க?"

சார் யோசித்தார். "காரணம் பதினொண்ணு இருக்கே... முடிவுரை வேற. மூணாகியிருக்கும்."

அந்த அம்மாள் மருந்துப் பஞ்சைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா," என்று எழுந்து போய்விட்டார். ஒன்றும் சொல்லாதது சாரைக் குடைந்தது. குழாயையாவது சொல்லித் திட்டியிருக்கலாம்.

விசாரணைக் குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு வாக்கியம் சொன்னால் காற்புள்ளி எங்கே வரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் தட்டச்சு செய்யச் சொல்லுவார். கூடவே தலைமை அலுவலக அதிகாரி ஒருவர். குழுவின் மேசைமேல் கரண்டி கிடந்தது. அதன் கழுத்தில் 'ஆயுதம்' என்று சீட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அன்றைய விழாவில் எடுத்த ஒரு புகைப்படம்: கையில் கரண்டியோடு ஒருவர் கூட்டத்தைப் பார்த்து அறைகூவுகிறார். கலவரத்துக்குத் தலைவன் கிடைத்துவிட்டான். அடுத்த மாதம் நன்னடத்தையில் வெளியே வரவேண்டிய ஆளுக்கு இன்னும் பல வருஷங்கள் சேரப்போகின்றன. இனி நிபுணர் ஒருவர் வந்து, 'ஆமாம், திட்டமிட்ட சதி' என்று சொன்னால் போதும். நிபுணர் யார் என்பதில் சந்தேகம் இல்லை.

தலைமை அலுவலக அதிகாரி முன்கூட்டியே சாரைத் தனியாக அழைத்துத் தோளில் கைபோட்டார். "கலவர ஆய்வுப் பிரிவுன்னு ஒண்ணு ஆரம்பிக்கிறோம் சார். தனி ரூம், தனி வண்டி. தலைமைக்கு உங்களைத்தான் நினைச்சு வச்சிருக்கோம். இன்னைக்கு மட்டும் கொஞ்சம் தெளிவாப் பேசிட்டீங்கன்னா..." சாருக்கு வாய் ஊறியது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆய்வுப் பிரிவுக்கு எத்தனை பெரிய அட்டவணை வைக்கலாம் என்றுகூட மனசு ஓடிவிட்டது.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சாரைப் பார்த்ததும் எழுந்தார். "ஐயா, கலவரத்துக்கு ஐயா நீங்கதானா?"

சார் அரைகுறையாகத் தலையாட்டினார்.

"நான் கரண்டியோட அக்கா. அன்னைக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்தேன். இன்னைக்குப் பாக்க முடியாது, போம்மான்னுட்டாங்க. அவன் யாரையும் தூண்டிவிடற ஆளு இல்லீங்க. அந்த ஒரு நாள் கை நீட்டினதுக்கே இத்தனை வருஷமா அழுதுக்கிட்டு இருக்கான். உங்களுக்குத்தான் எல்லாக் காரணமும் தெரியுமாமே. ஒரு வார்த்தை சொல்லுங்க."

சார் வழக்கமாக ஒரு வார்த்தையோடு நிறுத்துபவர் அல்ல. அன்று அந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை. உள்ளே போனார்.

"நிபுணரே, சுருக்கமாகச் சொல்லுங்கள்," என்றார் நீதிபதி. "காரணம் என்ன?"

சார் அட்டவணையைப் பிரிக்கப் போனார். கை பாதியில் நின்றது. மேசைமேல் சீட்டோடு கிடந்த கரண்டியைப் பார்த்தார். அதன் குழிவில் காய்ந்த பருப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"காரணம் நாந்தாங்க," என்றார்.

நீதிபதி புன்னகைத்தார். தட்டச்சரிடம் திரும்பி, "சாட்சி தன்னடக்கத்துடன், காற்புள்ளி..." என்று ஆரம்பித்தார்.

"தன்னடக்கம் இல்லீங்க. என் பேச்சு. சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் பேசினேன். அவங்க வீட்டாளுங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டு, எதிர்ல உக்கார வச்சு, ஏன் கோவம் வருதுன்னு அவங்களுக்கே விளக்கிட்டிருந்தேன். அந்தச் சமையல்காரர் கரண்டியைத் தூக்கினது, பருப்பு கல்லாயிடுச்சுன்னு சொல்லத்தான். நான் இன்னைக்கு உசுரோட உங்க முன்னாடி நிக்கறதும் அவராலதான். வெங்காய ரூம்ல என்னைப் பூட்டிட்டு வாசல்ல நின்னாரு."

"எந்தப் பேச்சு?" என்றார் நீதிபதி.

"கலவரத்தைத் தடுக்கற பேச்சுங்க."

தட்டச்சு நின்றுவிட்டது. தலைமை அலுவலக அதிகாரி இருமினார். விஷயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பேச்சுதான் காரணம் என்று எழுதினால், பேச்சுக்குக் காரணம் சுற்றறிக்கை என்று எழுத வேண்டும். சுற்றறிக்கைக்குக் காரணம் யார் என்று எழுதப் போனால் கை எங்கே போய் நிற்கும்? அதிகாரி அவசரமாகக் குனிந்து நீதிபதியின் காதில் ஏதோ சொன்னார். நீதிபதி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அன்றைக்கு வெயில் எப்படி?"

"வெயிலா? கடுமைங்க. ஆனா..."

"அப்படிச் சொல்லுங்கள்!" என்றார் நீதிபதி. "எழுதம்மா. வழக்கத்துக்கு மாறான கடும் வெயிலின் காரணமாக, காற்புள்ளி..."

அறிக்கை அப்படித்தான் வந்தது. வெயிலுக்குத் தலைவன் கிடையாது, சதி கிடையாது, அதன்மேல் வழக்குப் போடவும் வழியில்லை. ஆகவே கரண்டியின் பெயர் அறிக்கையில் எங்கேயும் இல்லை. நூல் கட்டிய கண்ணாடிக்காரரின் கையைப் பற்றியும் இல்லை. அது ஒடிந்ததும் வெயிலால்தான் போலும். பரிந்துரைகள் மூன்று இருந்தன. கடும் வெயிலிலும் நிதானமாக முடிவெடுக்க வசதியாகக் கண்காணிப்பாளர் அறைக்குக் குளிர்சாதனம். சமையற்கட்டில் இனி மரக்கரண்டி. பார்வை நாளை எக்காரணம் கொண்டும் ரத்து செய்யக் கூடாது என்ற மூன்றாவதை, செலவில்லாத ஒன்றாவது இருக்கட்டும் என்று சேர்த்திருந்தார்கள். அது ஒன்றுதான் உருப்படியானது என்பதை யாரும் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் எடுத்திருப்பார்கள்.

கலவர ஆய்வுப் பிரிவின் தலைமை, கலவரத்தன்று புது வீடு குடிபோக லீவில் இருந்த அதிகாரி ஒருவருக்குப் போயிற்று. சாரின் மேல் கறை பட்டுவிட்டதால் அவரைச் சீருடைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே அவர் பித்தான் அறுந்த சட்டைகளைப் பிரித்தெடுக்கிறார். அட்டவணையைப் புது நிபுணர் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் பன்னிரண்டாவதாக 'வெயில்' என்று நீல மையில் சேர்த்திருப்பதாகக் கேள்வி. சாரை வேலையை விடச் சொல்லி யாரும் நினைவுபடுத்தவில்லை. "விடுங்க, பித்தான் தைக்கறதுக்கு வீட்டுலயே ஆள் இருக்கு," என்றார் மனைவி. சிரித்தாரா, குத்தினாரா என்று சார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கரண்டி வெளியே வந்த நாளில் சாரும் சிறை வாசலில் நின்றிருந்தார். பழைய சீருடை மூட்டை ஒன்றை எடுத்துப்போக வந்ததாகக் காவலரிடம் சொன்னார். மூட்டை ஏறி வண்டி போய் வெகுநேரம் ஆகியும் அவர் போகவில்லை.

சின்னக் கதவு திறந்தது. கரண்டி தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். அக்கா ஓடிப்போய்த் தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "மொதல்ல சாப்பிடு. அப்புறம் எல்லாம் பேசலாம்," என்று எதிரே இருந்த சிமென்ட் பெஞ்சில் அவரை உட்காரவைத்துப் பாத்திரத்தைத் திறந்தார். காலை வெயில் பெஞ்சின் மேல் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை.

கரண்டி தலையைத் தூக்கியபோது சார் தெரிந்தார்.

"ஐயா, நீங்களா! நல்லா இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னைக்கு ஆறாவதோட நின்னுபோச்சே. ஏழாவது என்னங்க?"

உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் முகம். கிண்டல் துளியும் இல்லை. சார் தொண்டையைச் செருமினார். கை தானாக உயர்ந்தது. ஏழாவது காரணம், அதற்கு முன் ஒரு சின்ன முன்னுரை, மூன்று நாடுகளிலிருந்து உதாரணங்கள் எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்து வரிசையாக நின்றன.

கரண்டியின் கை பாத்திரத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது, பதிலுக்காக.

சார் வாயை மூடிக்கொண்டார். ஓர் அடி நகர்ந்தார். போதவில்லை என்று பார்த்து இன்னும் ஓர் அடி நகர்ந்தார். தன் நிழல் பெஞ்சின் மேலும் பாத்திரத்தின் மேலும் சரியாக விழும்படி, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.